முதலில் உள்ளே உள்ளவற்றை அகற்றவும்

கையேட்டுக்காரர் இதுவரை நூற்றுப் பதினாறு சாதனங்களுக்குப் பயன்படுத்தும் முறை எழுதியிருக்கிறார். சலவை இயந்திரம், மின்விசிறி, இஸ்திரிப் பெட்டி, முடி உலர்த்தி. வாங்கிய பொருளோடு பெட்டிக்குள் நாலாய் மடித்து வைத்திருப்பார்களே, யாரும் பிரித்துப் பார்க்காமல் மேஜை டிராயரில் போட்டுவிடுவார்களே, அந்தத் தாள்தான் அவருடைய எழுத்து. கையேட்டுக்காரர் என்று பெயர் வைத்தவன் அவருடைய மைத்துனன். கிண்டலாகத்தான் வைத்தான். இவரோ ஏதோ பட்டம் கிடைத்த மாதிரி பூரித்துப்போனதால் பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது.

நூற்றுப் பதினாறில் ஒன்றைக்கூட அவர் தன் கையால் பிரித்து மாட்டியது கிடையாது. பொறியாளர்கள் சொல்வார்கள், இவர் எழுதுவார். ஆனால் 'திருகாணியைக் கடிகாரத் திசையில் இறுக்கவும்' என்று இருபத்திரண்டு வருடமாக எழுதி வரும் மனிதருக்கு ஒரு திருகாணியை முடுக்கத் தெரியாது என்று யாருக்குத்தான் தோன்றும்? அவருக்கும் தோன்றவில்லை.

வீட்டில் இருக்கும் கம்ப்யூட்டர் மனைவியுடையது. அவள் பார்வையற்ற மாணவர்களுக்காகப் பாடப் புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்கிறாள். படுக்கையறைத் துணி அலமாரியின் தட்டுகளைக் கழற்றிவிட்டு, மூன்று பக்கமும் தடித்த போர்வைகளைத் தொங்கவிட்டு, நடுவில் ஒரு முக்காலி போட்டு, கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்காருவாள். கையில் சின்ன ரெக்கார்டர், மடியில் புத்தகம். சாயங்காலம் வெளியே வந்து அன்றைய பதிவைக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டு, மறுநாளுக்காக ரெக்கார்டரைக் காலி செய்துவிடுவாள். இந்த முறை பன்னிரண்டாம் வகுப்பு உயிரியல். பதினோரு மாத வேலை. தேர்வுக்கு ஆறு வாரம்தான் இருந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை பள்ளியிலிருந்து ஆசிரியை வந்து மொத்தத்தையும் வாங்கிக்கொண்டு போவதாக ஏற்பாடு.

அந்த ஆசிரியைதான் சொன்னார். "எல்லாத்தையும் ஒரே டிஸ்க்ல வெச்சிருக்கீங்களே. இன்னொரு பிரதி எடுத்து வைங்கம்மா. டிஸ்க் எப்ப படுக்கும்னு சொல்லவே முடியாது."

அப்படித்தான் இரண்டாவது ஹார்ட் டிஸ்க் வீட்டுக்கு வந்தது. ஒன்று படுத்தால் இன்னொன்று காப்பாற்றும் என்பதற்காக வந்தது என்பதை இங்கே குறித்து வைத்துக்கொள்வது நல்லது. கையேட்டுக்காரர் குறித்து வைத்துக்கொள்ளவில்லை.

டிஸ்க் விற்ற கடையில் பழுது பார்க்கும் பெண்மணி நல்ல மாதிரியாகத்தான் கேட்டார். "பெட்டியை எடுத்துட்டு வாங்க சார், பத்து நிமிஷத்துல மாட்டித் தர்றேன்."

"எதுக்குங்க? நானே பாத்துக்கறேன்."

"இதுக்கு முன்னாடி மாட்டியிருக்கீங்களா?"

"நான் இந்த மாதிரி விஷயங்கள எழுதறவன்" என்றார். அந்தப் பெண்மணி அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காததை அவர் மரியாதை என்று எடுத்துக்கொண்டார்.

புதன்கிழமை காலை மனைவி வேறு ஏதோ வேலையாகப் பள்ளிக்குக் கிளம்பினாள். வாசலில் செருப்பு மாட்டும்போது, "நான் வந்தப்புறம் சேர்ந்து பாக்கலாமே" என்றாள். "நீ வர்றதுக்குள்ள உன் பாடமெல்லாம் ரெண்டு இடத்துல இருக்கும்" என்று கையேட்டுக்காரர் மார்தட்டினார். அவள் போனதும் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு களத்தில் இறங்கினார்.

சிபியு பெட்டிக்கு இரண்டு பக்கமும் மூடி உண்டு. கையேட்டுக்காரர் திறக்கக் கூடாத பக்கத்தை முதலில் திறந்தார். அங்கே ஒரு தகரச் சுவர்தான் இருந்தது. மறுபக்கத்தைத் திறந்தபோது உள்ளே படிந்திருந்த தூசி முழுவதும் அவர் மூக்குக்குள் போயிற்று. தும்மிய தும்மலில் கையிலிருந்த திருகாணி மதர்போர்டின் அடியில் எங்கோ விழுந்தது. பெட்டியைக் கவிழ்த்து, உலுக்கி, டார்ச் அடித்து, அதைத் தேடி எடுக்க முக்கால் மணி நேரம். அது போதாதென்று, ஒவ்வொரு வேலைக்கும் முன்னால் அதைத் தன் நடையிலேயே உரக்கச் சொல்லிக்கொண்டார். "வட்டை அதற்குரிய அறையில் மெதுவாகச் செருகவும்." அது மெதுவாகச் செருகினால் போகவில்லை. முட்டியால் தள்ளினார், போயிற்று. வீட்டில் யாரும் இல்லாதது நல்லதாய்ப் போயிற்று.

எல்லாக் கேபிளையும் மாட்டி, மூடியை மூடி, பொத்தானை அழுத்தினார். மூச்சுப் பேச்சு இல்லை. கால் மணி நேரம் கழித்துத்தான் சுவரில் பிளக் போடாதது கண்ணில் பட்டது. 'சாதனம் இயங்கவில்லையெனில் முதலில் மின் இணைப்பைச் சரிபார்க்கவும்' என்பது அவர் நூற்றுப் பதினாறு முறை எழுதிய வாக்கியம்.

கம்ப்யூட்டர் உயிர்பெற்றது. அவர் திரையில் டிரைவ்கள் இருக்கும் இடத்தைத் திறந்து பார்த்தார். 'சி' என்று ஒன்று, 'டி' என்று ஒன்று. இரண்டு. முன்பு ஒரு டிஸ்க் இருந்தது, இப்போது இரண்டு இருக்கிறது, ஆகவே இந்த இரண்டாவதுதான் புதுசு. இதில் தவறு எங்கே இருக்கிறது என்று கேட்டால் கம்ப்யூட்டர் தெரிந்த பிள்ளைகள் சிரிப்பார்கள். பழைய டிஸ்க் ஒன்றையே 'சி', 'டி' என்று இரண்டு பாகமாகப் பிரித்துத்தான் அந்தக் கம்ப்யூட்டர் வந்திருந்தது. புது டிஸ்க்கோ, தன்னைத் தனியாக அறிமுகம் செய்து வைத்தால்தான் முகம் காட்டும். ஆனால் கையேட்டுக்காரர் மனைவியின் கம்ப்யூட்டரில் அந்த இடத்தை இதற்கு முன் ஒருநாளும் திறந்து பார்த்ததில்லை.

ஒரே ஒரு நெருடல் இருந்தது. 'டி' கிட்டத்தட்ட நிரம்பியிருந்தது. சிவப்புப் பட்டை முக்கால்வாசிக்கு மேல். கடையிலிருந்து வந்த புது டிஸ்க் எப்படி நிரம்பியிருக்கும்? வேறு யாராக இருந்தாலும் இந்த இடத்தில் கையை எடுத்திருப்பார்கள். நம்மவருக்கோ இருபத்திரண்டு வருட அனுபவம் கைகொடுத்தது. எந்தச் சாதனத்தையும் கம்பெனிக்காரன் காலியாக அனுப்புவதில்லை. சலவை இயந்திரத்தின் தொட்டிக்குள் தெர்மாகோல் இருக்கும், அடுப்புக்குள் அட்டை இருக்கும், குளிர்சாதனப் பெட்டிக்குள் தட்டுகளை ஒட்டிய நாடாக்கள் இருக்கும். அதனால்தான் அவர் எழுதும் எல்லாத் தாளிலும் முதல் வாக்கியம் ஒன்றே ஒன்றுதான்: 'முதலில் உள்ளே உள்ளவற்றை அகற்றவும்.' இதுவும் கம்பெனிக்காரன் திணித்து அனுப்பிய குப்பை என்று முடிவு கட்டினார். டிஸ்க் பெட்டியில் போட்டிருந்த அளவு இதைவிடப் பல மடங்கு பெரிது என்பதையும் கவனித்தார். சொன்ன அளவுக்கு எவன் கொடுக்கிறான் என்று அதையும் தள்ளிவிட்டார்.

மவுஸின் வலது பொத்தானை அழுத்தினால் 'ஃபார்மட்' என்று வந்தது. அதை அழுத்தினால், இதில் உள்ள அனைத்தும் அழிந்துவிடும், தொடரலாமா என்று ஓர் எச்சரிக்கை வந்தது. அதைப் படித்துக் கையேட்டுக்காரர் புன்னகைத்தார். எச்சரிக்கை எழுதுகிறவரிடமே எச்சரிக்கையா? சட்டப் பிரிவில் உட்கார்ந்திருக்கும் ஆளின் நச்சரிப்பு தாங்காமல், துணி உலர்த்தும் இயந்திரத்துக்குள் ஏறி உட்கார வேண்டாம் என்றுகூட எழுதியவர் அவர். தொடரலாம் என்று அழுத்தினார். மூன்று விநாடியில் சிவப்புப் பட்டை மறைந்து பளிச்சென்று வெண்மையானது. பூ, இவ்வளவுதானா என்று நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

இனி பாடங்களை அதில் பிரதி எடுக்க வேண்டியதுதான் பாக்கி. திரையின் மூலையில் 'உயிரியல்' என்று மனைவி வைத்திருந்த ஐகானைத் தட்டினார். அது இருந்த இடம் இப்போது இல்லை என்று கம்ப்யூட்டர் சொன்னது. மறுபடியும் தட்டினார். மறுபடியும் அதையே சொன்னது. எந்த இடம் என்று அதற்குக் கீழே சின்ன எழுத்தில் போட்டிருந்தது. 'டி'.

பதினோரு மாதத்தை மூன்று விநாடியில் துடைத்துப் போட்டதும், அதைப் பார்த்துச் சாய்ந்து உட்கார்ந்து ரசித்ததும் ஒருசேர உறைத்தது. "அட மடையா" என்று உரக்கச் சொன்னார். அன்று காலையிலிருந்து அவர் வாயிலிருந்து வந்ததில் துல்லியமான வாக்கியம் அதுதான்.

கடைக்குப் போன் போட்டார். பழுதுக்கடைப் பெண்மணி ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை. அது இன்னும் வலித்தது.

"அதுக்கப்புறம் அதுல எதையாவது காப்பி பண்ணீங்களா?"

"இல்ல."

"எதையும் தொடாதீங்க. ஆஃப் பண்ணி அப்படியே தூக்கிட்டு வாங்க. மேல எதுவும் எழுதலைன்னா பெரும்பாலும் எடுத்துடலாம். சத்தியம் பண்ண முடியாது."

நடுப்பகல் வெயிலில், கைலியோடு, சிபியு பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கையேட்டுக்காரர் நான்கு தெரு நடந்தார். வண்டியில் வைத்தால் குலுங்கும் என்று பயம். எதிரே வந்த தெரிந்தவர் ஒருவர், "என்ன சார், ரிப்பேரா?" என்று கேட்டார். "ஆமா, எனக்குத்தான்" என்றார். தெரிந்தவருக்குப் புரியவில்லை.

சாயங்காலம் மனைவி வந்தபோது மேஜையில் சிபியு இருந்த இடத்தில் தூசியில் ஒரு செவ்வகம்தான் இருந்தது. அவள் அதைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள்.

"டிரைவ் ஃபார்மட் ஆயிடுச்சு" என்றார்.

"தானாவா?"

"இல்ல. நான்தான்."

"எந்த டிரைவ்?"

"டி" என்றார். அவள் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தார். கத்தியிருந்தால் வாங்கிக் கட்டிக்கொண்டு நிம்மதியாக இருந்திருப்பார். அவளோ அலமாரிக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பதினாலு பிள்ளைங்க" என்றாள். "அதுல ஒரு பொண்ணு போன வருஷமே எழுதியிருக்க வேண்டியது. புத்தகம் இல்லாம நின்னுட்டா." அவ்வளவுதான் பேசினாள். கையேட்டுக்காரர் அன்று சாப்பிடவில்லை. சாப்பிடாமல் இருந்ததைப் பெரிய தியாகமாக நினைத்த தன் புத்தியை நினைத்து அதற்கும் வெட்கப்பட்டார்.

மறுநாள் பழுதுக்கடைப் பெண்மணி கூப்பிட்டார். மனைவிதான் எடுத்தாள். நூற்று நாற்பது பதிவில் நூற்று முப்பத்து நான்கு கிடைத்துவிட்டது. ஆறு போயிற்று. ஆனால் கிடைத்ததில் ஒன்றுக்கும் பெயர் இல்லை. எந்தப் பாடம், எந்தப் பகுதி என்பதெல்லாம் அழிந்து, ஒன்று, இரண்டு, மூன்று என்று வெறும் எண்ணோடு, வரிசையும் கலைந்து வந்திருந்தன.

"எந்த ஆறு போச்சு?" என்று கேட்டாள் மனைவி.

"ஒவ்வொண்ணா கேட்டுப் பாத்தாதாம்மா தெரியும்."

போனை வைத்தபோது அவள் முகத்தில் உயிர் திரும்பியிருந்தது. கையேட்டுக்காரருக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது. மூச்சு வந்த கையோடு வீரமும் வந்தது. "நான் கேட்டு எல்லாத்துக்கும் பேர் வைக்கறேன். நீ போன ஆறை மறுபடி படி" என்றார்.

"வேண்டாங்க, நானே கேட்டுக்கறேன்."

"ரெண்டும் நீ செஞ்சா அடுத்த வெள்ளிக்கிழமைக்குள்ள முடியாது. இதையாவது செய்ய விடு."

அவள் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சரி என்றாள். தன் மேல் நம்பிக்கை இல்லை என்று அவர் நினைத்துக்கொண்டார். நம்புவதற்கு என்ன செய்துவிட்டோம் என்றும் சேர்த்து நினைத்துக்கொண்டார்.

அலுவலகத்துக்கு விடுப்பு சொல்லிவிட்டு, கடையிலிருந்து சிபியுவைத் திரும்பக் கொண்டுவந்து வைத்து, காதில் ஹெட்போன், ஒரு பக்கம் பாடப் புத்தகம், இன்னொரு பக்கம் நோட்டு என்று உட்கார்ந்தார். சுலபமான வேலை என்றுதான் நினைத்தார். இந்த மனிதர் எதைத்தான் சுலபம் என்று நினைக்கவில்லை? மனைவி உட்கார்ந்தவுடன், "பாடம் நான்கு, பகுதி இரண்டு" என்று சொல்லித்தான் ஆரம்பிப்பாள். ஆனால் நடுவில் பெரிய தடங்கல் வந்தால் ரெக்கார்டரை நிறுத்திவிட்டு, மறுபடி விட்ட இடத்திலிருந்து தொடங்குவாள். அது தனிப் பதிவாகிவிடும். அப்படிப்பட்ட பதிவு பாடத்தின் நடுவில் ஆரம்பிக்கும். அது எந்தப் பக்கம் என்று புத்தகத்தில் தேட வேண்டும். கடைசியில் வெட்டிச் சுத்தம் செய்துகொள்ளலாம் என்று சின்னத் தடங்கல்களை அவள் அப்படியே விட்டு வைத்திருந்தாள்.

தடங்கல் யார் என்பது இரண்டாவது மணி நேரத்தில் தெரிந்தது. ஒருமுறை அழைப்பு மணி. ஒருமுறை பக்கத்து வீட்டில் சுவரில் துளை போடும் சத்தம். மற்றபடி எல்லாம் ஒரே குரல். "என் கண்ணாடி எங்க?" "டீ குடிக்கறியா?" "இன்னும் முடியலயா?" "இந்த டிவி ரிமோட்ட யாரு எடுத்தது?" கண்ணாடியை மட்டும் பத்தொன்பது முறை கேட்டிருந்தார். ஒவ்வொரு முறையும் அவள், "மேஜை மேல" என்று சொல்லிவிட்டு, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு, வாக்கியத்தின் முதலிலிருந்து ஆரம்பித்தாள். நோட்டில் அவர் அதைக் கோடு போட்டு எண்ணிக்கொண்டே வந்தார். முப்பதைத் தாண்டியதும் எண்ணுவதை நிறுத்திவிட்டார்.

இதயத்தின் படம் வந்தபோதுதான் அவருக்குத் தன் தொழிலை நினைத்தே கூசியது. 'படம் 3-ஐப் பார்க்கவும்' என்று எழுதிவிட்டு அடுத்த வேலைக்குப் போகிறவர் அவர். அவளால் அப்படிச் சொல்ல முடியாது. "உங்க கைய மூடிக்கோங்க. அந்த அளவுதான் இதயம். கட்டை விரல் பக்கத்துல மேலே ரெண்டு அறை, சுண்டு விரல் பக்கத்துல கீழே ரெண்டு அறை. மேலே இருக்கறது சின்னது, சுவர் மெல்லிசு" என்று ஆரம்பித்து, பார்க்கவே பார்க்காத ஒரு பிள்ளையின் கைக்குள் அந்தப் படத்தைக் கொண்டுபோய் வைத்தாள். ரத்தம் எந்த வழியாக வந்து எந்த வழியாகப் போகிறது என்று விரல் விரலாகச் சொன்னாள். ஹெட்போனோடு கையேட்டுக்காரர் தன் முஷ்டியை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இருபத்திரண்டு வருடம் எழுதியதில் இப்படி ஒரு பத்தி உண்டா என்று யோசித்தார். இல்லை. பதினோரு மாதத்தில் ஒருநாளாவது அந்த அலமாரிக்கு வெளியே நின்று கேட்டிருக்கிறாரா என்றும் யோசித்தார். அதுவும் இல்லை.

பாடம், பகுதி சொல்லித் தொடங்கும் பதிவுகளை முதலில் பிரித்து, அவற்றில் காணாமல் போன பகுதிகளை அவளுக்குக் குறித்துக் கொடுத்தார். திங்கள், செவ்வாய் என்று ஓடியது. அலமாரிக்குள் அவள் போன பகுதிகளை மறுபடி படித்தாள், வெளியே இவர் பெயர் வைத்தார். வீட்டில் யாரும் எதற்கும் கூப்பிட்டுக்கொள்ளவில்லை. கண்ணாடியை அவரே தேடிக்கொண்டார். செவ்வாய்க்கிழமை மத்தியானம் கணக்குப் பார்த்தபோது வியாழனுக்குள் எல்லாம் முடிந்துவிடும் என்று தெரிந்தது. பிள்ளைகளுக்குப் புத்தகம் போய்விடும். கையேட்டுக்காரர் மனதுக்குள் லேசாகக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார். அடுத்ததாக எண் எழுபத்தெட்டைத் திறந்தார்.

நரம்பு மண்டலம். அவள் ஒரு பத்தியை முடிக்கிறாள். பக்கம் புரளும் சத்தம். அப்போது கதவுக்கு வெளியே அவருடைய குரல். யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருக்கிறார். போர்வையைத் தாண்டி, கொஞ்சம் மங்கலாக, ஆனால் ஒவ்வொரு வார்த்தையும் கேட்கிறது. "அவளா? அலமாரிக்குள்ள உக்காந்து ஏதோ வாசிச்சுக்கிட்டிருக்கா. அவளுக்கும் பொழுது போகணும்ல, பாவம்." பிறகு ஒரு சிரிப்பு. யார் சிரித்தாலும் அவருக்குப் பிடிக்காத மாதிரி ஒரு சிரிப்பு.

அதன் பிறகு ஒன்றும் இல்லை. பதிவு ஓடுகிறது, சத்தம் இல்லை. திரையில் விநாடிகள் நகர்வதை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பது விநாடி. அப்புறம் தொண்டையைச் செருமும் சத்தம். பிறகு அவள் அடுத்த பத்தியை ஆரம்பித்தாள். குரலில் ஒரு மாற்றமும் இல்லை. ஒரு சொல்கூடத் தடுக்கவில்லை.

யாரிடம் சொன்னோம், எப்போது சொன்னோம் என்று எவ்வளவு யோசித்தும் அவருக்கு ஞாபகம் வரவில்லை. அதுதான் அவரை அதிகம் உலுக்கியது. ஞாபகத்தில்கூட வைத்துக்கொள்ளாமல் சொன்ன வார்த்தை அது. ஹெட்போனைக் கழற்றி வைத்தார். இத்தனை நாள் தன்னைத் தானே கேலி செய்து ஒப்பேற்றியதெல்லாம் இங்கே செல்லவில்லை. இதில் சிரிக்க எதுவும் கிடைக்கவில்லை.

அலமாரிக்கு முன்னால் போய் நின்றார். உள்ளே அவள் வாசித்துக்கொண்டிருந்தாள். தட்டவில்லை. அவள் முடிக்கும் வரை, கால் மாற்றிக்கூட நிற்காமல், இருபது நிமிடம் நின்றார். கதவு திறந்தது. வியர்த்த முகத்தோடு அவள் வெளியே வந்து, அவரைப் பார்த்ததும் நின்றாள்.

"எழுபத்தெட்டு... நரம்பு மண்டலம்..." என்றார்.

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். புத்தகத்தை மூடி விரலை நடுவில் வைத்துக்கொண்டாள்.

"அது கிடைச்சிடுச்சா?"

தலையை ஆட்டினார்.

"ஆறு போச்சுன்னு அந்தம்மா சொன்னப்ப, அதுல அது ஒண்ணா இருக்கணும்னு வேண்டிக்கிட்டேன்" என்றாள். "பாடம் போனா மறுபடி படிச்சுக்கலாம். அது மட்டும் உங்க காதுல விழாம இருந்திருக்கணும்."